அவைக்குறிப்பில் ஒரு வரி

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க தலைவரே. மத்ததெல்லாம் அற்புதமா வந்திருக்கு."

"எந்த வரி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நாலாம் பக்கம், ரெண்டாவது பத்தி. அடிக்கும்போதே எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"கை ஓடாமயா நாலு பக்கம் டைப் அடிச்சே?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு வழியனுப்பு. ஆளுங்கட்சிக்காரன்கூட பூச்செண்டு சொல்லி வெச்சிருக்கான். அந்த நேரத்துல எழுந்து நின்னு, 'இந்த அவைல நான் பொய் சொன்னேன்'னு சொல்லணுமா? யார் கேட்டா? பதினோரு வருஷம் ஆச்சு. எல்லாரும் மறந்துட்டாங்க."

"டீச்சர் மறக்கலையே."

"அவங்களும் ஒரு வார்த்த கேக்கலையே!"

"அதான்யா தொண்டையில நிக்குது."

உதவியாளர் காகிதங்களைத் தட்டி அடுக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டார். எப்போதும் ஒரு கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டே திரிவதால் அவரைக் கட்சியில் எல்லோரும் 'ஃபைல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் படத்தில்கூட அவர் கையில் கோப்பு இருக்கிறது என்று ஒரு கதை உண்டு. அது கதையில்லை, உண்மை.

எதிர்க்கட்சித் தலைவருக்கென்று மாகாண அவைக் கட்டடத்தில் ஒதுக்கியிருந்த அந்த அறை, இரண்டாம் மாடியின் கோடியில், கழிவறைக்கும் உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்த அறைக்கும் நடுவில் இருந்தது. இருந்த இரண்டு ஜன்னல்களில் ஒன்று பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. மற்றது பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்காமல் போய்ப் பல வருடம். இருபத்தேழு வருடங்களில் அரசாங்கம் நான்கு முறை மாறியது. வருகிறவர்கள் மாறினார்கள், போகிறவர்கள் மாறினார்கள். இவரை எதிர்வரிசையில் உட்கார வைப்பது மட்டும் மாறவில்லை. அவருடைய கட்சி அப்படி. மூன்று பேருக்குக் குறைந்ததில்லை, பதினான்கு பேருக்கு மேல் போனதில்லை. ஆட்சி என்பது அவர்களுக்குத் தூரத்து வீட்டில் எரிகிற விளக்கு. அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வாசலார்'. வெளிநடப்பு என்றால் அவரைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் கத்திக்கொண்டு, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறுவார்கள். வாசலார் குரலை உயர்த்தவே மாட்டார். பேச்சின் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பைக்குள் வைப்பார். அதுதான் சைகை. அவருக்குப் பின்னால் கட்சி மொத்தமும் நாற்காலி முனகாமல் எழுந்துகொள்ளும். படிக்கட்டில் கேமராக்கள் காத்திருக்கும். மறுநாள் முதல் பக்கத்தில் படம் வரும். இதை ஒரு கலை என்று அவர் நம்பிய காலம் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைக்கும் மசோதா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது நிறைவேறினால் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நான்கு பிரசவ வார்டுகளும் மூடப்படும். கர்ப்பிணிகள் ஒன்றே முக்கால் மணிநேரம் பஸ்ஸில் வர வேண்டியிருக்கும். அக்கரை முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பஸ் நிறைய நர்சுகள் வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம், கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில், டீச்சர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

டீச்சர் ஆளுங்கட்சி உறுப்பினர். அதைவிட முக்கியம், வாசலாருடைய மனைவியின் தங்கை. பள்ளிக்கூட வேலையை விட்டு அரசியலுக்கு வந்தவர். அக்கா கணவர் எதிர்வரிசையில், மைத்துனி ஆளும் வரிசையில். இதை வைத்து அவையில் கேலிக்குப் பஞ்சமே கிடையாது. "ஞாயித்துக்கிழமை ஒரே மேசையில சாப்பிட்டு திங்கக்கிழமை அடிச்சுக்கிறாங்கப்பா" என்பார்கள். உண்மையில் ஞாயிற்றுக்கிழமையும் அடித்துக்கொள்வார்கள். மனைவிதான் கரண்டியை மேசையில் தட்டி, "அவை ஒத்திவைக்கப்படுகிறது" என்று முடித்து வைப்பாள்.

டீச்சர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"அத்தான், இன்னிக்கு ஒருநாள் வெளிய போயிடாதீங்க. உக்காந்திருங்க."

"ஏன், என்ன?"

"நாங்க அஞ்சு பேரு மசோதாவுக்கு எதிரா கை தூக்கப் போறோம். சுயேச்சைங்க அஞ்சு பேரும் சரின்னுட்டாங்க. உங்க பதினோரு பேரும் சேந்தா இருபத்தொண்ணு. அவங்ககிட்ட இருபதுதான் தேறுது. எண்ணிப் பாத்துட்டேன். மூணு தடவ."

"கட்சிய விட்டுத் தூக்கிடுவாங்களே உன்னை."

"தூக்கட்டும். எனக்குப் பாடம் நடத்தத் தெரியும், பொழச்சுக்குவேன். நீங்க இருப்பீங்கல்ல?"

"பாத்துக்கலாம்மா" என்றார் வாசலார்.

அவர் டீச்சரை நம்பவில்லை என்று பிற்பாடு யாராவது நினைத்துக்கொண்டால் அது அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் அவர் நம்பினார். டீச்சருடைய கணக்கு தப்பாது என்று அவருக்குத் தெரியும். மூன்று மணிக்குப் பேச எழுந்தபோதும் அந்த இருபத்தொன்று அவர் தலைக்குள் மணியடித்துக்கொண்டுதான் இருந்தது. பேசப் பேச, நர்சுகள் மாடத்தின் விளிம்புக்குச் சாய்ந்து வந்து கேட்டார்கள். தலைநகரத்துத் தொலைக்காட்சி முதல்முறையாக வந்து படிக்கட்டில் நிற்கிறது என்று ஃபைல் காலையிலேயே சொல்லியிருந்தார். வெளியே சொல்ல வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன. உள்ளே உட்கார்ந்து ஜெயித்தால் என்ன சொல்வது என்று மட்டும் அவரிடம் ஒரு வாக்கியமும் இல்லை. பதினாறு வருடமாகத் தோற்பதற்குத் தயாராகி வந்த மனிதர். ஜெயிப்பதை நினைத்தபோது, முன்பின் தெரியாத வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதைப் போல ஒரு கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்திலேயே கை கண்ணாடிக்குப் போய்விட்டது.

கண்ணாடி மடிந்தது. பதினோரு பேரும் எழுந்தார்கள். மாடத்தில் நர்சுகள் கைதட்டினார்கள். தங்களுக்காகத்தான் போகிறார் என்று நினைத்து, எழுந்து நின்று தட்டினார்கள். வாசலைத் தாண்டும்போது அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டீச்சர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பரீட்சைத்தாளில் பெயரைத் தவிர எதுவும் எழுதாத மாணவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதரவு இருபது. எதிர்ப்பு பத்து. மசோதா நிறைவேறியது.

இதோடு நின்றிருந்தால்கூட அது ஒரு தப்புக் கணக்கு என்று போயிருக்கும். கட்சியை விட்டு நீக்கப்பட்ட டீச்சர் அடுத்த வாரம் அவையில் எழுந்து, "எதிர்க்கட்சித் தலைவரிடம் நான் முன்கூட்டியே சொன்னேன். தெரிந்தேதான் வெளியேறினார்" என்றார். அவை அமர்க்களப்பட்டது. அக்கரையில் அப்போதுதான் முதல் வார்டைப் பூட்டியிருந்தார்கள். வாசலார் எழுந்தார். முன்னால் இருந்த மைக்கைச் சரிசெய்தார். "உறுப்பினர் சொல்வது உண்மையல்ல. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை" என்றார். பதினாறு வருடம் உண்மையைத் தவிர வேறொன்றும் பேசாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பெயர் மொத்தத்தையும் அந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவழித்தார். எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த தேர்தலில் டீச்சருடைய படத்தின் மேல் 'பொய்' என்று கரியால் எழுதியிருந்தார்கள். தோற்றார். பழைய பள்ளியும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் நம்பினார்கள் என்பதில் வாசலாருடைய மனைவியும் சேர்த்திதான். அன்று சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "சின்ன வயசுலேருந்தே அவ அப்படித்தான். நல்ல பேரு வாங்கணும்னா எதை வேணாலும் சொல்லுவா. ஆனா உங்க மேலயே சேத்த வாரி இறைப்பான்னு நான் நினைக்கல." வாசலார் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். அந்த வாய்ச் சோற்றை விழுங்குவதற்குள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விழுங்கிவிட்டார். அக்கா தங்கை இருவருக்கும் பொதுவாக ஒரு தையல் மெஷின் இருந்தது. ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே. மறுநாள் மனைவி அதைத் துணியில் சுற்றி, வண்டியில் ஏற்றித் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். திரும்பக் கேட்கவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, டீச்சர் ஒரு ஃப்ளாஸ்க்கோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அவ வேணாம்" என்றாள் மனைவி. அதைப் போய்ச் சொன்னவர் வாசலார்தான். கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. உண்மையை மட்டும் போகும்போதும் சொல்லவில்லை, வரும்போதும் சொல்லவில்லை. டீச்சர் தலையாட்டினார். "சரி அத்தான். இந்தக் கஞ்சிய மட்டும் வாங்கிட்டுப் போங்க, ஆறிடும். நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்."

அதையும் அவர் சொல்லவில்லை. எட்டு நாளில் மனைவி போய்விட்டாள்.

"தலைவரே, கேக்கறீங்களா?" என்றார் ஃபைல்.

"அந்த நாலாம் பக்கத்தக் குடு" என்றார் வாசலார்.

டீச்சருடைய ஜெராக்ஸ் கடை பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரில் இருந்தது. கடை என்று சொல்வதைவிட, இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கூரை போட்ட இடுக்கு என்று சொல்லலாம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், பேனாக்கள் நிற்கும் ஒரு டப்பா. அன்று மாலை வாசலார் போய் நின்றபோது டீச்சர் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா பேரு எழுதுற இடத்துல புருஷன் பேர எழுதியிருக்கியேம்மா. அவருக்கு இப்பவே அவ்வளவு மரியாதையா?"

அந்தப் பெண் வெட்கத்தோடு அடித்துத் திருத்திக்கொண்டு போனாள். டீச்சர் நிமிர்ந்தார்.

"அடடே, வாங்க அத்தான். என்ன இந்தப் பக்கம்? ஓட்டுக் கேக்கவா? நீங்கதான் இனிமே நிக்கலைன்னு பேப்பர்ல போட்டிருந்தானே."

"ஒரு காப்பி எடுக்கணும்."

"எதிர்க்கட்சித் தலைவர் ஆபீஸ்ல மெஷின் இல்லையா?"

"அது ரிப்பேர்."

"அரசாங்கத்த எதுத்தா அப்படித்தான்" என்று காகிதத்தை வாங்கிக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்தார். மூடிக்கு அடியில் வெளிச்சம் ஓடியது. பிரதி சூடாக வெளியே வந்தது. பள்ளிக்கூடக்காரர்களுக்குக் கையில் வந்த காகிதத்தைப் படிக்காமல் கொடுக்கத் தெரியாது. வாசலார் அதை நம்பித்தான் வந்திருந்தார்.

டீச்சர் படித்தார். இரண்டாவது பத்திக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் ஒரு லாரி நெடுநேரம் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினார். டப்பாவிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"வாக்கியம் ரொம்ப நீளம் அத்தான். 'அன்றைய அசாதாரணமான அரசியல் சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு' எதுக்கு? பொய் சொன்னேன்னு சொல்றதுக்கு முன்னாடி இத்தன வார்த்த எதுக்கு?"

அடித்தார். மீதி இருந்ததைப் படித்துக் காட்டினார்: "'டீச்சர் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.' போதும். குழந்தைக்கும் புரியும்."

"உன்கிட்ட நேர்ல..." என்று வாசலார் தொடங்கினார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நடந்தது எனக்குத் தெரியாதா? அக்காகிட்ட சொல்லியிருக்கணும். அவ போயிட்டா." அவர் குரல் சண்டைக்குப் போகவில்லை, அதுதான் வாசலாருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "எனக்கு மிச்சம் இருக்கிறது அந்த அவைக்குறிப்புப் புஸ்தகம்தான் அத்தான். ஜில்லா லைப்ரரில கறுப்பு அட்ட போட்டு வெச்சிருக்கான். என் பொண்ணு காலேஜ்ல அரசியல் படிச்சப்போ, நான் சொன்னது உண்மையில்லன்னு நீங்க சொன்ன அந்தப் பக்கத்த வகுப்புலயே வாசிச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காமயே இன்னி வரைக்கும் இருக்கா. எனக்கு மனசு நோகக் கூடாதாம்."

"நாளைக்குச் சொல்றேன். நிச்சயமா."

"சொல்றது வேற, அச்சுல வர்றது வேற. நானும் அங்க அஞ்சு வருஷம் குப்பை கொட்டினவதான்." பிரதியை மடித்து நீட்டினார். "அச்சுல வரட்டும். பொண்ணுகிட்ட அந்தப் பக்கத்த நானே காட்டுறேன். அன்னிக்கு வீட்டுக்கு வாங்க, ஒரே மேசையில உக்காந்து சாப்பிடலாம்."

மறுநாள் அவை முழுசாக நிரம்பியிருந்தது. முதலமைச்சர் பாராட்டிப் பேசினார். "நம் வாசலார் இன்று கடைசி முறையாக வெளிநடப்புச் செய்கிறார், இந்த ஒரு வெளிநடப்பில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை" என்றார். சிரிப்பு எழுந்தது. சுயேச்சைகள் பேசினார்கள். நேற்று வரை அவரை 'உளுத்துப்போன கட்டை' என்ற வாய்களிலிருந்து 'ஆலமரம்' வந்து விழுந்தது. வாசலார் மேசைமேல் நாலாம் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு மை மறுபக்கத்துக்கும் கசிந்திருந்தது.

அவர் முறை வந்தது. முதல் மூன்று பக்கங்களைப் படித்தார். அவை கனிவோடு கேட்டது. பிறகு, பெயர் சொல்லி, தேதி சொல்லி, மசோதாவின் எண்ணைச் சொல்லி, அந்த இரண்டு வாக்கியங்களையும் படித்தார்.

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஃபைல் நின்றிருந்த தூணுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. வாசலாருக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு ஜன்னல் திறந்ததுபோல இருந்தது. மிச்சத்தை எப்படிப் படித்தார் என்று அவருக்கே தெரியாது.

அவர் உட்கார்ந்ததும் அவைத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஐம்பது வயதுக்காரர். முதன்முதலில் உறுப்பினராகி வந்தபோது, எந்தப் பக்கம் திரும்பிப் பேச வேண்டும் என்பதைக்கூட வாசலாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மூத்த உறுப்பினர் விடைபெறும் வேளையில் உணர்ச்சிவசப்பட்டு, தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும் வகையில் சில சொற்களைக் கூறிவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. இருபத்தேழு ஆண்டு மாண்புக்கு இழுக்கு வராமல் காப்பது இந்த இருக்கையின் கடமை. ஆகவே அந்தப் பகுதி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது."

நீக்கப்பட்ட இடத்தில் அச்சில் மூன்று நட்சத்திரங்கள் வரும். வாசலாருடைய பேச்சுகளில் அவை ஏராளம். ஊழல், களவு, கோழை என்று அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் இருபத்தேழு வருடமாக நட்சத்திரங்களாகிக் கறுப்பு அட்டைகளுக்குள் கிடந்தன. ஒவ்வொரு முறை நீக்கும்போதும் அவர் எழுந்து வெளியே போயிருக்கிறார். அன்பினால் யாரும் இதுவரை நீக்கியதில்லை.

மேசைகளைத் தட்டும் ஒலி எழுந்தது. முதலில் தட்டியவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள்தான். பிறகு முதலமைச்சர், பிறகு சுயேச்சைகள், பிறகு எல்லோரும். எதற்கும் ஒன்றுசேராத அந்த அவை, அவருடைய ஒரே உண்மையை அழிப்பதற்கு ஒருமனதாக ஒன்றுசேர்ந்து தட்டியது. சுருக்கெழுத்தாளர் பெண் தன் நோட்டில் ஒரு கோடு இழுப்பதை அவர் இருக்கையிலிருந்தே பார்க்க முடிந்தது.

வாசலார் எழுந்தார். அவருக்குப் பின்னால் கட்சிக்காரர்களும் பழக்கதோஷத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவர் போகவில்லை. கண்டனம் தெரிவித்திருக்கிறார், வலியுறுத்தியிருக்கிறார், எச்சரித்திருக்கிறார். இந்த இடத்தில் நின்று யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அவைத் தலைவரின் முடிவை எதிர்த்து வாதிட விதியில் இடமில்லை என்பதும், அந்த விதியின் எண்ணும்கூட அவருக்குத் தெரியும். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டார். தட்டும் ஒலி மெல்ல மெல்ல ஓய்ந்தது. எல்லோரும் அவர் நன்றி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"தம்பி" என்றார் அவைத் தலைவரைப் பார்த்து. அவையில் சொல்லக்கூடாத விளி அது. "நான் பேசினது எதை வேணாலும் எடுத்துக்க. இன்னிக்குப் பேசினது, இத்தனை வருஷம் பேசினது, எல்லாத்தையும் எடுத்துடு. அந்த ரெண்டு வாக்கியத்த மட்டும் விட்டுடுப்பா. அது அச்சுல வரணும்."